சிவப்பு நூல் இல்லாத ஆறு பக்கங்கள்

9-8-2023

கொசுக்குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. அடுத்த வரியில், அங்கே நீ நலமா என்று கேட்கவும் போகிறது. பழக்கம். இரண்டு வரியையும் விட்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

உன் கடைசிக் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. நான் பதில் போடவில்லை. வந்தபோது வேண்டுமென்றேதான் போடவில்லை. அப்புறம் போடலாம் என்று மனசு இறங்கியபோது, வாங்கிப் படிக்க நீ இல்லை. இன்றோடு நாற்பத்தொரு நாள். மத்தியானம் தலை வலிக்கிறது என்று மேஜைமேல் கவிழ்ந்தாயாம். தூங்குகிறாய் என்று நினைத்துக் கால் மணி நேரம் யாரும் எழுப்பவில்லையாம். நான் இருந்திருந்தால் எழுப்பியிருப்பேன். நீ தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டு தூங்குவாய் என்று எனக்குத் தெரியும்.

தையல் கடையை மறுபடி திறந்துவிட்டேன். கீழே கடை, மேலே அறை, நடுவில் பதினான்கு படி. அவ்வளவுதான் என் உலகம் என்று நீ கேலி செய்வாய். அது இப்போது இன்னும் சின்னதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். பதினொரு மணிக்கு எழுந்து துணி துவைக்கப் போகிறேன்.

உன் ஆபீஸிலிருந்து ஒரு பெட்டி வந்திருக்கிறது. உன்னோடு ஒருமுறை கடைக்கு வந்தாளே, அந்தக் கண்ணாடிக்காரப் பெண்தான் கட்டி அனுப்பியிருக்கிறாள். உன் கோப்பை, சால்வை, ஒரு ஜோடிச் செருப்பு. அடியில் ஒரு ஃபைல். திறந்தால், இரண்டரை வருடமாக நான் படித்துத் திருப்பி அனுப்பிய தாள்கள் எல்லாம். ஒன்றைக்கூட நீ எறியவில்லை. பக்கத்துக்குப் பக்கம் என் சிவப்பு நூல்.

பென்சிலால் கோடு போடு என்று நீ சொன்னாய். நீ எழுதின தாளில் கிறுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் புரியாத இடத்தில் எல்லாம் ஒரு தையல் போட்டேன். தப்பாகப் போட்டால் பிரித்துவிடலாம், தாளுக்குச் சேதம் இல்லை. அதைப் பார்த்துவிட்டு நீ போனில் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எதிர்க்கடைச் சாவிக்காரருக்கே கேட்டிருக்கும்.

உன்னை அனுப்பிவைத்த அன்று உன் மேலாளர் என்னிடம் வந்தார். நீ கடைசியாக எழுதிய தாள்தான் நீ எழுதியதிலேயே சிறந்தது, படித்தவர் ஓரிடத்தில்கூடத் தடுக்கவில்லை, இனிப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைத்தான் மாதிரியாகக் காட்டப்போகிறோம் என்று சொன்னார். நான் தலையை ஆட்டினேன். படித்தவர் நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

அந்தத் தாளைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்று முடியவில்லை.

உன் கடிதங்களில் முதலாவதையும் கடைசியையும் எடுத்து இதோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். உன் கையெழுத்தும் என் கையெழுத்தும் ஒரே கட்டில் இருக்கட்டும்.

உன் அக்கா


3-2-2021

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

உன் ஆசைத் தங்கை எழுதுவது. வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. நான் எழுத்தாளர் ஆகிவிட்டேன் என்று நீ தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாயாம். சாவிக்காரர் எனக்குப் போன் செய்து, அவர் கதையை எழுத முடியுமா என்று கேட்கிறார். மானத்தை வாங்காதே அக்கா.

நான் எழுதுவது கதை இல்லை. ஒரு புது மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் முன்னால், டாக்டர்கள் நூற்றெண்பது பக்கத்துக்கு ஒரு திட்டம் எழுதுவார்கள். அதை முழுக்கப் படித்து, அந்த மருந்தை விழுங்கப்போகிறவருக்கு ஆறு பக்கத்தில் சொல்வதுதான் என் வேலை. இது என்ன மருந்து, என்ன நன்மை வரலாம், என்ன தொந்தரவு வரலாம், எப்போது நிறுத்த வேண்டும். பிடிக்கவில்லை என்றால் எந்த நாளும் விலகலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு அவர் கையெழுத்துப் போடுவார். புரியாமல் போட்ட கையெழுத்து கையெழுத்தே இல்லை என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

என் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் வராது. அடியில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும், அவ்வளவுதான்.

இங்கே எல்லோரும் நிறையப் படித்தவர்கள். நான் எதை எழுதிக் கொடுத்தாலும் புரிகிறது என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் மேலாளரிடம் கேட்டுவிட்டேன், வெளியே ஒருவரைப் படிக்கச் சொல்லலாமா என்று. செய்யுங்கள், நல்ல முறைதான் என்றார். தபாலில் அனுப்புகிறேன். போனில் படித்துக் காட்ட மாட்டேன். தாளை வாங்கிப் போகிறவர் வீட்டில் தனியாக உட்கார்ந்துதானே படிப்பார்? பக்கத்தில் நான் இருந்து விளக்க முடியாதே. நீயும் தனியாகப் படி. புரியாத இடத்தில் ஒரு கோடு போடு. வெட்கப்படாதே. புரியவில்லை என்றால் தப்பு என்னுடையது.

நேரத்துக்குச் சாப்பிடு. குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டு பேசாதே.

உன் கொசு


11-6-2023

அன்புள்ள அக்காவுக்கு,

சர்க்கரை நோய் மாத்திரைத் தாள் திரும்பி வந்தது. ஆறு பக்கத்தையும் மூன்று தடவை புரட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன். ஒரு தையல்கூட இல்லை. இதுவரை இப்படி வந்ததே இல்லையே.

நான் அவ்வளவு நன்றாக எழுதப் பழகிவிட்டேனா, இல்லை உன்னிடம் நூல் தீர்ந்துபோய்விட்டதா? எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கண்டு சிவப்பு நூல் இதோடு வைத்திருக்கிறேன். இங்கே கடைத்தெருவில் தேடி வாங்கினேன். உன் கடை நூலைவிட நிறம் கொஞ்சம் மட்டுதான். திட்டாதே.

இந்த மாத்திரைச் சோதனை உன் ஊர் ஆஸ்பத்திரியிலும் நடக்கப்போகிறது. உன் வாடிக்கையாளர் யாராவது சேர்ந்தாலும் சேரலாம்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு வாரமாகப் போனை எடுத்ததும், கடையில் ஆள் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். வியாபாரம் அமோகம் போலிருக்கிறது. இரண்டு வரியாவது எழுது.

உன் கொசு


27-8-2023

கொசுவே,

இன்று சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் மாதம் நீ அந்தக் கண்ணாடிக்காரப் பெண்ணோடு கடைக்கு வந்தாய். நான் ஒரு பாவாடைக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தேன், வாய் நிறையக் குண்டூசி. அவள், உங்க தாளை எல்லாம் படிக்கிறது இவங்களா என்று கேட்டாள். நீ என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னாய்: "எங்க அக்கா அஞ்சாவதோட நின்னுட்டா. இவளுக்குப் புரிஞ்சா ஊர்ல எல்லாருக்கும் புரியும்."

அவள் சிரித்தாள். நீயும் சிரித்தாய். நீ பெருமையாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் சுருக்கென்று இருந்தது. நின்றுவிட்டாள் என்றாய். எதற்காக நின்றேன் என்று சொல்லவில்லை. அம்மா நம்மை விட்டுப் போனபோது எனக்குப் பதினொன்று, உனக்கு நான்கு. மிஷினில் உட்கார்ந்தால் என் கால் தரையில் எட்டாது, கீழே பலகை போட்டு மிதித்தேன். நீ பலகைக்குப் பக்கத்தில் சிலேட்டோடு உட்கார்ந்திருப்பாய். எல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். அதை அந்தப் பெண்ணிடம் ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம். குண்டூசி வாயில் இருந்ததால் நானும் சொல்லவில்லை. எடுத்துவிட்டுச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அடுத்த மாதம் சர்க்கரை மாத்திரைத் தாள் வந்தது. படித்தேன். முக்கால்வாசி தெளிவாக இருந்தது. நாலாம் பக்கத்தில், வாந்தி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி. ஏழு தடவை படித்தேன். தொடங்கின இடமும் தெரியவில்லை, முடிந்த இடமும் தெரியவில்லை. மாத்திரையைப் போடு என்கிறதா, போடாதே என்கிறதா என்றே புரியவில்லை. ஊசியில் நூலைக் கோத்துவிட்டேன். தாளில் குத்தப் போகும்போது அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. ஐந்தாவது படித்தவளுக்கு எல்லாம் புரியும் என்று காட்டுகிறேன் பார் என்று நினைத்தேன். நூலை உருவிவிட்டு, தாளை அப்படியே மடித்து அனுப்பிவிட்டேன்.

உன் கடிதம் வந்தபோதும் வீம்பு இறங்கவில்லை. இன்னும் ஒரு மாதம் போகட்டும், அவளாக வரட்டும் என்று இருந்தேன். ஒரு மாதம் இல்லை என்று யார் கண்டது.

நீ அனுப்பிய நூல்கண்டைப் பிரிக்கவில்லை. மிஷின் இழுப்பறையில் இருக்கிறது.

உன் அக்கா


19-9-2023

கொசுவுக்கு,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பதினாறாம் எண் பஸ்ஸை ஓட்டுகிறவர் போன வாரம் இரண்டு கால்சட்டை கொண்டுவந்தார். முன்பெல்லாம் இடுப்பைத் தளர்த்தித் தரச் சொல்வார். இந்தத் தடவை பிடிக்கச் சொன்னார். என்ன டிரைவர் சார், பட்டினியா என்று கேட்டேன். புது மாத்திரைச் சோதனையில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். சர்க்கரை இறங்கியிருக்கிறது, இடுப்பும் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது, வீட்டுக்காரிக்குத்தான் சந்தேகம் என்று சிரித்தார்.

தைக்கும் முன்னால் பையைத் துழாவிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு சீப்பு, ஒரு பொத்தான், நாலாக மடித்த தாள். பிரித்தேன். முதல் வரியைப் படித்ததும் தெரிந்துவிட்டது. உன் பெயர் இல்லை. ஆனால், 'இந்தத் தாளை அவசரமில்லாமல் படியுங்கள், வீட்டில் உள்ளவர்களோடும் பேசுங்கள்' என்று தொடங்கியது நீதான். அவசரமில்லாமல் என்ற சொல்லை எவ்வளவு தேடினாய் என்று எனக்குத் தெரியும். அடியில் பதிப்பு 2.0 என்று இருந்தது. எனக்கு உன்னை நேரில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. கால்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

அப்புறம் நாலாம் பக்கத்தைத் திருப்பினேன். அந்த வரி அப்படியே இருந்தது. உனக்காக இங்கே எழுதுகிறேன்: 'உணவு உட்கொள்ளல் குறையும் அல்லது வாந்தி நீடிக்கும் சூழலில், ஆய்வு மருந்தின் தொடர்ச்சியைத் தாமாக மாற்றாமல், தற்காலிக நிறுத்தம் தொடர்பான வழிகாட்டலை ஆய்வுக் குழுவிடம் உறுதிசெய்து, அதுவரை நீர்ச்சத்தைப் பேணி மருந்தைத் தவிர்க்க வேண்டும்.'

மறுநாள் அவர் வந்தபோது, தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, வாந்தி வந்தால் மாத்திரையை என்ன செய்யணும் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"விடக்கூடாதும்மா. நாமளா மாத்தக்கூடாதுன்னு போட்டிருக்கு" என்றார்.

அவருக்கு இருபது நாள் முன்னால் வாந்தி வந்ததாம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் வண்டி ஓட்டும்போது கண் இருட்டியது. சிக்னலுக்கு முன்னால் ஓரங்கட்டிவிட்டார். கண்டக்டர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்த மாதிரி நேரத்தில் மாத்திரையைப் போடவே கூடாதாம். நர்ஸ் திட்டினாராம், தாளைப் படிக்கவில்லையா என்று.

நீங்க என்ன சொன்னீங்க என்று கேட்டேன்.

"படிக்கலைன்னு சொல்லிட்டேன். படிச்சேன், புரியலைன்னு சொன்னா மண்டுன்னு நெனப்பாங்கல்ல?"

கொசுவே, ஊசி என் விரலில் ஏறிவிட்டது. இந்த மனுஷருக்கும் எனக்கும் ஒரே வியாதி.

உன் அக்கா


2-10-2023

கொசுவே,

இரண்டு வாரமாக யாரிடமும் சொல்லவில்லை.

அவர் படிக்கவில்லை என்றுதான் ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்டிருப்பார்கள். தாள்மேல் குற்றம் இல்லை. உன் ஆபீஸில் அதைச் சுவரில் மாட்டிப் புதியவர்களுக்குக் காட்டிக்கொண்டிருப்பார்கள். நான் வாயைத் திறந்தால் அந்தத் தாள் கெட்ட தாள் ஆகிவிடும். நீ இல்லாத இடத்தில் உன்னைப் பற்றி நல்லதாக ஒரு பேச்சு மிஞ்சியிருக்கிறது. அதையும் உன் அக்காவே போய்ப் பிடுங்கிவிட்டு வர வேண்டுமா? பிடுங்கினால் எனக்கு அப்புறம் யார்தான் உன்னைப் பற்றிப் பேசுவார்கள்?

திறக்காமல் இருக்கலாமே என்று இருந்தேன். டிரைவரிடம் மட்டும் சொல்லிவிட்டேன், மறுபடி வாந்தி வந்தால் மாத்திரையைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள் என்று. உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். என் தங்கச்சி சொன்னா என்றேன். அதோடு கடமை முடிந்தது என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன்.

இன்று சாயங்காலம் கடை வாசலில் நின்றேன். பதினாறாம் எண் போனது. அவர் கையைக் காட்டினார். நானும் காட்டினேன். ஜன்னல் ஓரத் தலைகளை எண்ணினேன், என்னை அறியாமல். பதினேழு. உள்ளே நின்றவர்கள் எத்தனை பேரோ. அதே தாளை மடித்துப் பையில் வைத்திருக்கிறவர்கள் இன்னும் எத்தனை பேரோ. அவர்களில் யார் என்ன வேலை செய்கிறார்களோ.

நீ இருந்தால் என்ன செய்வாய் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த நிமிஷமே தாளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாய். சொந்தத் தாள் என்று பார்த்திருக்க மாட்டாய்.

வியாழக்கிழமை உன் ஆபீஸுக்குப் போகிறேன். என்னை மன்னித்துக்கொள். எதற்கு என்று இரண்டு மூன்று இருக்கிறது. நீயே பிரித்து எடுத்துக்கொள்.

உன் அக்கா


14-10-2023

கொசுவுக்கு,

போய்விட்டு வந்துவிட்டேன்.

ஆறு மணி நேரப் பயணம். உன் ஆபீஸ் மூன்றாவது மாடி. லிஃப்டில் ஏறத் தெரியாமல் படியில் ஏறினேன். உன் மேஜையில் புதிதாக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நான் உனக்குத் தைத்துக் கொடுத்த மெத்தை அந்த நாற்காலியில் அப்படியே இருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்கலாமா என்று வாய்வரை வந்தது. அவள் முதுகு வலிக்காமல் உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் தாள் சுவரில்தான் இருந்தது. பலகையில் ஆறு பக்கத்தையும் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார்கள்.

மேலாளர் எழுந்து நின்றார். கண்ணாடிக்காரப் பெண் என்னைக் காட்டி, இவங்கதான் சார் சிவப்பு நூல் அக்கா என்றாள். எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கே தெரியாது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லாமல் வந்துவிடுவேன் என்று பயம். நேராகப் பலகைக்குப் போய் நாலாம் பக்கத்து வரியில் விரலை வைத்தேன்.

"இது எனக்குப் புரியலை சார். மே மாசமே புரியலை. புரிஞ்ச மாதிரி நடிச்சு அனுப்பிட்டேன்."

அப்புறம் டிரைவரைப் பற்றிச் சொன்னேன். அவர் யார் என்று சொல்லவில்லை, அவர் படித்துவிட்டுப் படிக்கவில்லை என்று சொன்னதை மட்டும் சொன்னேன். மேலாளர் வரியை வாய்விட்டுப் படித்தார். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன் மேல் போன் போனது. எல்லா ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ்களும் மாத்திரை சாப்பிடுகிற இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் அன்றே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று முடிவானது. தாளை மாற்ற ஒரு குழு சம்மதிக்க வேண்டுமாம், அதற்குச் சில வாரம் ஆகுமாம்.

அதற்கு ஒரு படிவம் நிரப்பினார்கள். காரணம் என்று ஒரு கட்டம். தப்பு என்னுடையது, என் பெயரை எழுதுங்கள், என் தங்கை பெயர் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மேலாளர் படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பெயர் எழுத இடமே இல்லை. எழுதினவள் பெயருக்கும் இல்லை, படித்தவள் பெயருக்கும் இல்லை. தெளிவின்மை என்று ஒரே சொல் எழுதி முடித்தார். பலகையிலிருந்து ஆறு பக்கத்தையும் அவரே கழற்றினார்.

கண்ணாடிக்காரப் பெண் என்னைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டாள். பஸ் வர நேரமானது. வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். அதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அந்த வரி உங்க தங்கச்சி எழுதினது இல்லக்கா. டாக்டருங்க எழுதினது. வரி வரியா உடைக்கணும்னு ஒரு மாசம் சண்டை போட்டா. கடைசியில பெரிய டாக்டர், சரிம்மா, உங்க அக்கா அந்த இடத்துல நூல் போட்டா மாத்திடறேன்னார். தாள் வந்துச்சு. நூல் இல்லை. எங்க அக்காவுக்கே புரிஞ்சிருக்குன்னா சரிதான் சார்னு உட்கார்ந்துட்டா."

நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாக அவள் இன்னும் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை.

ஆறு மணி நேரமும் அதே வரிதான். உட்கார்ந்துட்டா. உட்கார்ந்துட்டா.

உன் அக்கா


20-12-2023

கொசுக்குட்டிக்கு,

பதிப்பு 3.0 வந்துவிட்டது. டிரைவர் நேற்று வேலை முடிந்து வந்து, தாளை என் முன்னால் விரித்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி படித்துக் காட்டினார். நாலாம் பக்கத்தில் இப்போது இப்படி இருக்கிறது: 'வாந்தி வந்தால் மாத்திரையைப் போடாதீர்கள். சாப்பிட முடியாவிட்டாலும் போடாதீர்கள். தண்ணீர் குடியுங்கள். உடனே எங்களைக் கூப்பிடுங்கள்.' நாலு வரி. நீ சண்டை போட்ட நாலு வரி.

"இப்பதாம்மா கடைசி ஸ்டாப் வரைக்கும் போகுது. முன்னாடி பாதியிலயே இறக்கி விட்டுருச்சு" என்றார். இன்னொன்றும் சொன்னார். போன தடவை தாளைப் படித்தேன், புரியவில்லை என்று நர்ஸிடம் உண்மையைச் சொல்லிவிட்டாராம். நர்ஸ் எழுதிக்கொண்டாராம். மண்டு என்று நினைத்தாரா என்று கேட்டேன். நினைத்திருக்கலாம், போகட்டும் என்றார்.

அவர் போனதும் கடை அமைதியாகிவிட்டது. நல்லது நடந்தால் முதலில் சொல்ல நீதான் இருந்தாய். சாவிக்காரரிடம் சொல்லப் போனேன். அவர் பாதியில் தன் மூட்டுவலியைத் தொடங்கிவிட்டார். திரும்பி வந்து மிஷினிடம்தான் சொன்னேன்.

கண்ணாடிக்காரப் பெண் ஒரு புதுத் தாள் அனுப்பியிருக்கிறாள். மூட்டு மருந்துக்கு. உன் இடத்தில் இருக்கிற பெண் எழுதியது. படித்துக் கொடுப்பீர்களா அக்கா என்று கேட்டு ஒரு துண்டுச் சீட்டு. அவள் எழுத்து உன் எழுத்து மாதிரி இல்லை. 'அவசரமில்லாமல்' இல்லை. கறாராக இருக்கிறது. பழகிக்கொள்வாள். ஒரு வாரம் தொடாமல் வைத்திருந்தேன். இன்று மத்தியானம் கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டு, மேலே போய் உட்கார்ந்து தனியாகப் படித்தேன், நீ சொன்னபடி.

இரண்டாம் பக்கத்தில் ஒரு இடம் புரியவில்லை. இழுப்பறையைத் திறந்து உன் நூல்கண்டைப் பிரித்தேன். நீ சொன்னது சரிதான், நிறம் மட்டுதான். ஒரு தையல் போட்டு முடிச்சுப் போட்டேன். மூன்றாம் பக்கத்தில் ஒன்று. ஐந்தில் இரண்டு. நாளைக்குத் தபாலில் சேர்த்துவிடுவேன்.

இந்தக் கடிதங்களையும் எங்கேயும் சேர்க்க முடியாது என்று தெரியும். ஃபைலில் உன் தாள்களோடு வைத்துவிடுகிறேன். அந்த ஆறு பக்கமும் அதில்தான் இருக்கிறது. நேற்று எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், நீ பார்த்த மாதிரி. நாலாம் பக்கத்தில், அந்த வரிக்கு நேராக, ஓரத்தில் ஒரே ஒரு ஊசித் துளை. நான் குத்தப் போய் உருவிக்கொண்டது என்று நினைத்திருந்தேன். குத்தியே இருக்கிறேன்.

உனக்கு அந்த வரி சரியில்லை என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை என் கடை திறப்பதில்லை என்றும் தெரியும். நூல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டு ஒரு கண்டு வாங்கி அனுப்பினாய். அதனால் கேட்கிறேன் கொசுவே, வேறு யாரிடம் கேட்பேன்? அன்றைக்கு அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது, அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாயா, இல்லை, அக்கா உன்னோடு பேசாமல் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டாயா?

உன் அக்கா